மாரிக்கனி பேருல அஞ்சு ரத்தம்

அண்ணே, அந்த ஜன்னல் சீட்ட எனக்குக் குடுங்களேன், கொஞ்சம் காத்து வேணும். நல்லாருப்பீங்க. அட, இங்கிட்டு வெயிலு மூஞ்சியிலயே அடிக்குதே. நீங்களே உக்காருங்கண்ணே, நான் பழையபடி ஓரத்துக்கே வந்துர்றேன், காலயாவது நீட்டிக்கலாம். கோவிச்சுக்காதீங்க. காலையில இருந்து எனக்கு ஒரு எடத்துல இருப்புக் கொள்ளல.

சிவகாசிக்குத்தானே? நானும் அங்கதான். இந்த டிரைவர் வண்டிய ஓட்டுறானா, உருட்டுறானான்னே தெரியல. மாட்டு வண்டிக்காரன் ஆரன் அடிச்சிட்டுத் தாண்டிப் போறான் பாருங்க.

என் குரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? கேட்டிருப்பீங்க. "அருப்புக்கோட்டை வாழ் அன்பார்ந்த பெருமக்களே! தாய்மார்களே! வேட்டி எடுத்தால் துண்டு இலவசம், துண்டு எடுத்தால் புன்னகை இலவசம்!" அது நான்தான். மைக் மாரிக்கனின்னு சொன்னா பச்சப்புள்ளைக்கும் தெரியும். ஆட்டோவுல கொழா ஸ்பீக்கரக் கட்டிக்கிட்டு ஊரச் சுத்துறதுதான் வேல. கோயில் கொடைத் திருவிழான்னா மிமிக்ரி. படிப்பு எட்டாப்புத்தான், அதுலயும் ரெண்டு வருசம் ஒரே பெஞ்சு. ஆனா ஒருத்தன் எங்கிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டா, அவன் வீட்டு நாயி என்னப் பாத்து வால ஆட்டுற அளவுக்குப் பேசிருவேன். இந்தக் கண்டக்டரு எப்படி? "உள்ள போ, உள்ள போ, படியில நின்னு என்ன பொண்ணா பாக்குற!" திரும்பிப் பாக்குறான் பாருங்க. தெரியாத மாதிரி இருங்க.

எதுக்குப் போறேன்னா, எங்க மச்சான் ரத்தத்த எடுக்கப் போறேன். அட, எந்திரிக்காதீங்கண்ணே! வெட்டுக்குத்து இல்ல, ஊசியில எடுக்குறதுதான். சந்தனராசுன்னு பேரு, என் வீட்டுக்காரி கூடப் பொறந்த அண்ணன். காலண்டர் ஆபீஸ்ல பைண்டிங் வேல. அந்தாளுக்குக் கிட்னி போய்க்கிட்டிருக்குண்ணே. அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும்னா... கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க. இப்பவெல்லாம் வாயி ஒரு மாதிரி இருக்குண்ணே, பழைய சாவியச் சப்புன மாதிரி. வீட்டுக்காரி பஞ்சவர்ணம் சமையல் அந்த லெச்சணம். சோத்தக் கண்டாலே கொமட்டுது. இருவது வருசமாத் தின்ன சோறுதான், நாக்குக்கு இப்பத்தான் ரோசம் வந்திருக்கு.

எங்க விட்டேன்? ஆங், எப்படித் தெரியும்னு. எல்லாம் ஒரு அட்டையாலண்ணே.

எங்க ஊருல ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருக்கு. அவங்க கண் முகாமுக்கு நான் காசு வாங்காம அனௌன்ஸ்மெண்ட் பண்ணிக் குடுத்தேன். கூட்டம்னா அப்படியொரு கூட்டம். கண்ணு நல்லாத் தெரியிறவனெல்லாம் வந்துட்டான். மொதலாளி மனசு குளுந்துபோயி, "மாரிக்கனி, இந்தா, ஆயுசுக்கும் உனக்கு வைத்தியம் இலவசம்"னு ஒரு பச்சை அட்டையக் குடுத்தாரு. போட்டோ கெடையாது. பேரு இருக்கும், ஒரு நம்பரு இருக்கும். அவ்வளவுதான்.

நல்லாக் குத்துக்கல்லு மாதிரி இருக்கிற எனக்கு அட்டை எதுக்குண்ணே? பொட்டிக்குள்ள பூட்டியா வைக்க முடியும்? கல்யாண வீட்டுல ஒரு நல்ல சட்டை இருந்தா அண்ணன் தம்பியெல்லாம் மாத்தி மாத்திப் போடுறதில்லையா? அப்படிக் குடுத்தேன். என் தங்கச்சி காளீஸ்வரி உண்டாகியிருந்தா, குடுத்தேன். என் ஆட்டோ ஓட்டுற சூசைக்கு நெஞ்செரிச்சலு, குடுத்தேன். எதுத்த வீட்டு இட்லிக்காரப் பேச்சியக்காவுக்கு மூட்டுவலி, கேக்கவே வேணாம், நானே கொண்டுபோயிக் குடுத்தேன். மச்சான் ஊருக்கு வந்தாருன்னா எங்க வீட்டுச் சோறு, எங்க வீட்டுப் பாயி, எங்க அட்டை. கவுண்டர்ல "மாரிக்கனி"ன்னு கூப்பிடுவாக. இவங்க "ஆமா"ன்னு போயி நிக்க வேண்டியது. மாரிக்கனிங்கிறது ஆணுக்கும் வைக்கிற பேரு, பொண்ணுக்கும் வைக்கிற பேரு. மூஞ்சிய யாருண்ணே பாக்குறா?

நானா? நான் போகவே மாட்டேன். பிரசர் மாத்திரை வாங்க மட்டும் எப்பவாவது போவேன். போனா ரத்தம் எடுப்பாங்க. அது அவங்களுக்குப் பழக்கம், கோயிலுக்குப் போனாத் துன்னூறு குடுக்குறாப்புல. ரிசல்ட்டு சாயந்தரம் வாங்கிக்கன்னுவாங்க. சாயந்தரம் நமக்கு மைக்கு வேல இருக்கும். ஒருநாளும் நான் போயி வாங்குனதில்ல. அதெல்லாம் கணக்குல வராது.

இப்ப விசயத்துக்கு வர்றேன். எம்மக ஜெயதுர்கா இஞ்சினியரிங் படிக்கிறா, ஹாஸ்டல்ல இருந்து. நம்ம வம்சத்துல முத முதல்ல கம்ப்யூட்டரத் தொட்டவ அவதான். நான்லாம் தொடைக்கத்தான் தொட்டிருக்கேன். அவ காலேஜுல ஒரு போட்டி வச்சாங்க. ஹேக்கத்தானாம். நான் ஓட்டப் பந்தயம்னு நெனச்சு, "குளுக்கோஸ் வாங்கிட்டு வரவா தாயி"ன்னேன். அங்க போனா ஒருத்தரும் ஓடல. ரெண்டு நாளாப் பிள்ளைக கம்ப்யூட்டரு முன்னாடி அடைகாத்துக்கிட்டு உக்காந்திருக்குக. கோழியாவது நடுவுல எந்திரிச்சு எர பொறக்கும்.

போட்டி என்னன்னா, ஒவ்வொரு டீமும் நெசமான ஒரு ஆளக் கூட்டிட்டு வரணும். அந்தாளு சம்மதிச்சா, அவரு போன ஆஸ்பத்திரியில கெடக்குற பழைய ரிசல்ட்டயெல்லாம் வாங்கி, அங்கொண்ணு இங்கொண்ணாக் கெடக்குறத ஒண்ணு சேத்து, இந்த ஆளோட ஒடம்பு இப்படி, இவருக்கு இந்த மருந்துதான் ஒத்துக்கிடும்னு கம்ப்யூட்டரு சொல்லணும். அவங்க புரபசர் ஒருத்தரு, பேண்ட்ட நெஞ்சு வரைக்கும் ஏத்தி விட்டிருந்தாரு, மூக்காலயே பேசுவாரு, கேளுங்க: "டியர் ஸ்டூடண்ட்ஸ்... இனி ஊருக்கெல்லாம் ஒரே மாத்திரை கிடையாது. டெய்லர் அளவெடுத்துச் சட்டை தைக்கிற மாதிரி... ஒவ்வொரு உடம்புக்கும்... தனி மருந்து." நான் கையத் தூக்குனேன். "சார், எங்க வீட்டுல ஒரு சட்டைய நாலு பேரு போடுவோம், அதுக்கு எப்படி சார் அளவெடுப்பீங்க?" பிள்ளைக விழுந்து விழுந்து சிரிச்சுச்சுக. துர்கா மட்டும் என்ன மொறச்சா. சிரிச்சிருக்கலாம், நல்ல ஜோக்கு.

துர்கா டீமுக்கு ஆளு நான்தான். மத்த டீமுக்காரங்க கூட்டிட்டு வந்த ஆளுகளப் பாக்கணுமே. ஒருத்தருக்கு மொத்தமே ஒரு காய்ச்சலு, ரெண்டு சளி. எனக்கு வந்துச்சு பாருங்க கம்ப்யூட்டருல, கட்டபொம்மன் வம்சாவளி மாதிரி இறங்கிக்கிட்டே இருக்கு! எனக்கு அப்படியே பெருமை. மேடையேறுறதுக்கு முன்னாடி துர்கா தனியாக் கூப்பிட்டா. "யப்பா, இதுல என்னென்னமோ இருக்கு. அட்டைய வேற யாருக்கும் குடுத்தியா?" நான் "சேச்சே"ன்னுட்டேன். சுத்தி நாலு டாக்டரு நிக்கிறாங்க, அட்டையப் புடுங்கிட்டா? பேச்சியக்கா மூட்டு என்னாகுறது?

ரயில்வே கேட்டு போட்டுட்டானா? போச்சு. இறங்கி நடந்தாக்கூட வெரசாப் போயிரலாம். எனக்கு வேற ஒண்ணுக்கு வர்ற மாதிரியே இருக்குண்ணே, போனா வரமாட்டேங்குது. நொரையா வருது. பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சேன், அந்த டீயில சோப்பு கலந்திருப்பான் போல.

நீங்க எங்கண்ணே வேல? மருந்துக் கடையா! பாத்தீங்களா, பேசுறதுக்குப் பொருத்தமான ஆளுதான் அமைஞ்சிருக்கு.

மேடையில என்ன நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. மாப்பிள்ள மாதிரி. பின்னாடி பெரிய திரை. துர்கா பேசுறா, எம்மகளா பேசுறா, ஒரு வார்த்த திக்கல. புரபசர் திரையப் பாத்துப் படிக்கிறாரு: "ஆண்... வயது நாற்பத்தேழு... ரத்த வகை பி பாசிட்டிவ்." அடுத்த பக்கம்: "ரத்த வகை... ஓ பாசிட்டிவ்?" அடுத்தது: "நோயாளி... கர்ப்பம்... உறுதி?"

அவ்வளவுதாண்ணே! அரங்கமே அதிருது. விசிலு, கைதட்டு. பின்னாடி ஒருத்தன் "வாழ்த்துகள் அங்கிள்"ங்கிறான். கொடை மேடையிலகூட எனக்கு அப்படிக் கைதட்டு விழுந்ததில்ல. நமக்குக் கூட்டம் சிரிச்சா வாயி நிக்காதுல்ல? எந்திரிச்சு மைக்க வாங்கிட்டேன். "அது நான் இல்ல சார், என் தங்கச்சி"ன்னு காளீஸ்வரி மாதிரி இடுப்பப் புடிச்சுக்கிட்டு நடந்து காட்டுனேன். சூசை ஏப்பம் விடுறது, பேச்சியக்கா "யாத்தே, முட்டி"ன்னு படியேறுறது, மச்சான் "மாப்ள, ஊசி மட்டும் வேணாம் மாப்ள"ன்னு அழுறது, எல்லாத்தையும் விட்டேன். சனம் வயித்தப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கு.

ரெண்டு பேரு சிரிக்கல. ஒண்ணு எம்மக. மேடையில நட்டமா நிக்கிறா, கையில அந்தச் சின்ன ரிமோட்டு, கண்ணு தரையில. இன்னொண்ணு, பரிசு குடுக்க வந்திருந்த டாக்டரம்மா. நரைச்ச தலை, காட்டன் சேலை. அவங்க திரையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. எந்திரிச்சு, "சிரிச்சது போதும், அந்தக் கோட்டக் காட்டும்மா"ன்னாங்க.

ரத்தத்துல உப்புன்னு பாப்பாங்கல்ல, கிட்னிக்கு? அந்தக் கோடு. ஒருக்க ஏறியிருக்கு, ஒருக்க சரியா இருக்கு, மறுபடி ஏறியிருக்கு, மறுபடி சரியா இருக்கு. டாக்டரம்மா சத்தம் போடாமத்தான் பேசுனாங்க. அவங்கள மட்டும் எனக்கு மிமிக்ரி வரமாட்டேங்குதுண்ணே, முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். என்ன சொன்னாங்கன்னா, "இந்த அட்டையில நல்லா இருக்குற ரத்தமும் இருக்கு, கெட்டுக்கிட்டிருக்குற ரத்தமும் இருக்கு. கெட்டது வந்தப்பவெல்லாம் அடுத்து நல்லது வந்து மறைச்சிருச்சு. மெசின் தப்புன்னு நெனச்சு ஆஸ்பத்திரியில விட்டுட்டாங்க. உங்க அஞ்சு பேருல யாரோ ஒருத்தருக்குக் கிட்னி போய்க்கிட்டிருக்கு. ஒவ்வொரு தடவையும் கூடுது. இப்பப் புடிச்சா மருந்துலயே நிறுத்திரலாம். விட்டா ரத்தத்த மெசின்ல விட்டுக் கழுவுறதுதான். யாருன்னு உடனே பாருங்க."

பரிசு வேற டீமுக்குப் போச்சு. அந்த ரெண்டு சளிக்காரரு டீமுக்கு! அநியாயம்ல? அவ்வளவு கைதட்டு எங்களுக்குத்தான். துர்கா பரிசப் பத்தி ஒரு வார்த்த பேசல. வெளிய வந்ததும் என் கையப் புடிச்சு, "யப்பா, மொதல்ல நீ குடு"ன்னா. நான் சொன்னேன், "தாயி, பந்தி வைக்கிறவன் கடைசியிலதான் சாப்பிடணும். அட்டை என்னுது. எல்லாரும் குடுக்கட்டும், நான் கடைசியாக் குடுக்குறேன்."

அன்னையில இருந்து பம்பரமாச் சுத்துறேன். எனக்குத் தூக்கம் கெடையாது, ஒடம்பெல்லாம் ஒரே அரிப்பு, பதட்டத்துல வர்றது. யாரப் பாத்தாலும் இவனா இருக்குமோன்னு தோணுது. காளீஸ்வரியத்தான் மொதல்ல நெனச்சேன், பிள்ள பெத்த ஒடம்பு. கூட்டிட்டுப் போயிக் குடுத்தேன். நல்லா இருக்கு. "ஏண்ணே, என்னப் பிள்ளத்தாச்சின்னு மேடையில நடிச்சுக் காட்டுனியாமே"ன்னு வெளக்கமாத்த எடுத்துட்டா. அது நல்லா இருக்குறதுக்கு அடையாளம்தான். பேச்சியக்காவுக்கு ஊசின்னாப் பயம். அவங்கள மாதிரியே நான் கத்திக் காட்டி, அவங்க சிரிக்கிற நேரம் பாத்துக் குத்தச் சொன்னேன். மூட்டத் தவிர எல்லாம் ஒழுங்கா இருக்கு. சூசைதான்னு அடிச்சுச் சொன்னேன். கறுத்துப்போயி இருந்தான். அவனுக்கும் ஒண்ணுமில்ல. "அண்ணே, என்ன விடுங்க. நீங்க முன்ன ஒரே மூச்சுல முழு நோட்டீசும் படிப்பீங்க, இப்பப் பாதியில எங்கிட்ட மைக்க நீட்டுறீங்களே"ங்கிறான். அவனுக்கு மைக்கு மேல ஆச. என் எடத்தப் புடிக்கப் பாக்குறான்.

அப்ப மிச்சம் யாரு? மச்சான்தான். வாங்குற சம்பளத்துல பாதிய ஊத்துறாரு, அவருக்குப் போகாம யாருக்குப் போகும்? பாவம்ணே. நல்ல மனுசன். என் கல்யாணத்துல, "மாப்ளைக்கு வேல என்ன?"ன்னு கேட்டவங்ககிட்ட, "பேச்சு"ன்னு சொன்னவரு. போன் போட்டு விசயத்தச் சொல்லாம, நேராப் போயிக் கையப் புடிச்சு லேபுக்குக் கூட்டிட்டுப் போகணும். சொன்னா ஓடிருவாரு. ஊசின்னா சின்னப்பிள்ள மாதிரி.

துர்கா ஹாஸ்டல்ல இருந்து தெனமும் போனு. "யப்பா, குடுத்தியா?" "யப்பா, குடுத்தியா?" போன வாரம் வந்தவ என் மூஞ்சியவே பாக்குறா. "காலையில உன் மூஞ்சி பூசுன மாதிரி இருக்குப்பா"ங்கிறா. நல்லாருக்கேன்னு அர்த்தம்தானே அது? எனக்குச் சந்தோசம். அவ ஏன் அடுப்படியில போயி அழுதான்னு தெரியல. பரிசு போன வருத்தம் போல.

கேட்டு தொறந்துட்டான்! போலாம் ரைட்!

இருங்க, போனு. யாரு... மச்சான். வம்பாப் போச்சே, வீட்டுக்காரி சொல்லிட்டாளா? ஸ்பீக்கர்ல போடுறேன், கேளுங்க.

"மாப்ள, எங்க வர்ற?"

"திருத்தங்கல் தாண்டிட்டோம் மச்சான். நீங்க எங்கயும் போயிராதீங்க. சும்மா ஒரு சோலியா..."

"ரத்தம் எடுக்கத்தானே வர்ற? நான் குடுத்துட்டேன் மாப்ள. துர்கா நேத்தே வந்திருச்சு. கையோட லேபுக்கு இழுத்துட்டுப் போயிருச்சு. நான் கத்துன கத்துல நர்சம்மா பயந்திருச்சு. ரிசல்ட்டு வந்திருச்சு. உப்பு சரியா இருக்காம், சாராயம்தான் கூடவாம்."

"நல்லாப் பாத்தாங்களா மச்சான்?"

"ரெண்டு தடவ பாத்துச்சு பிள்ள. மாப்ள... நீ வா. நாங்க பஸ் ஸ்டாண்டுலயே நிக்கிறோம். லேபு எதுத்தாப்புலதான் இருக்கு."

வச்சுட்டாரு. பாத்தீங்களாண்ணே, நல்ல மனுசன், நல்ல ஒடம்பு. நான்தான் தப்பா நெனச்சுட்டேன். சாராயம் குடிச்சாலும் கல்லு மாதிரி இருக்காரு. ரொம்பச் சந்தோசம்.

அப்ப அந்தக் கம்ப்யூட்டருதான் தப்பு. சின்னப் பிள்ளைக பண்ணுன ப்ரோகிராம்தானே. கோட்ட மாத்திப் போட்டிருக்கும்.

என்னண்ணே? இம்புட்டு நேரம் தலையாட்டிக்கிட்டு வந்தீங்க. ஏன் என் காலப் பாக்குறீங்க? செருப்பா? ஆமா, புதுசு. பத்தல. இதுக்கு முன்ன இருந்ததும் பத்தாமத்தான் போச்சு. வெயிலுக்கு ரப்பரு சுருங்குதுண்ணே.

தொடணுமா? தொடுங்க. கூசும்... ஏண்ணே அமுக்குறீங்க? வலியெல்லாம் இல்ல.

அட. குழி விழுது.

மாவுல வெரல வச்ச மாதிரி இருக்கே. பேச்சியக்கா பாத்தா உழுந்தவடை சுட்ருவாங்க. இருங்க, மேல வரும். கொஞ்ச நேரத்துல வந்துரும். வண்டி குலுங்குதுல்ல, அதனால...

வரமாட்டேங்குதேண்ணே.

நீங்க மருந்துக் கடையிலதான வேல பாக்குறீங்க, டாக்டரு இல்லையே. சும்மா கேட்டேன். கோவிச்சுக்காதீங்க. இல்ல, சொல்ல வேணாம், ஒண்ணும் சொல்ல வேணாம். நான் பேசிக்கிட்டே வந்தா நீங்க கேட்டுக்கிட்டு வாங்க, அதான நம்ம பேசிக்கிட்டது.

வந்திருச்சு. அந்தா பஸ் ஸ்டாண்டு. மச்சான் நிக்கிறாரு, கையில பஞ்ச ஒட்டிக்கிட்டு, நேத்துக் குத்துனத இன்னும் எடுக்கல பாருங்க, அவ்வளவு பந்தா. பக்கத்துல எம்மக. மஞ்சச் சுடிதாரு. பஸ்ஸு வர்றதுக்கு முன்னாடியே ஒவ்வொரு ஜன்னலாப் பாக்குறா.

கண்டக்டரு சார், கொஞ்சம் பொறுங்க, செருப்பு ஏற மாட்டேங்குது. "உள்ள என்ன கல்யாணமா நடக்குது, இறங்கு"ன்னு நீங்களே சொல்லுங்க, உங்க வாயால கேட்டாத்தான் நல்லாருக்கு.

அண்ணே, எனக்கு ஒரு ஒத்தாசை பண்றீங்களா? உங்களப் பாத்தா நல்ல ரத்தமாத் தெரியுது. லேபு எதுத்தாப்புலதானாம். நீங்க மொதல்ல இறங்கிப் போயி மாரிக்கனின்னு சொல்லிக் குடுத்துட்டு வந்துருங்களேன். ஒரே ஒரு தடவண்ணே. பேரச் சொன்னாப் போதும். மூஞ்சிய யாரும் பாக்க மாட்டாங்க.

அவ ஒருத்திதான் பாத்துக்கிட்டே நிக்கிறா.